தோள்பட்டையைக் காட்ட திருவனந்தபுரத்துக்கு ஒரு பயணம்

என் வீட்டுக்காரர் கல்யாண போட்டோகிராஃபர். தாலி கட்டும் நேரத்தில் சொந்தபந்தம் எல்லாம் மணமேடையை மறைத்துக்கொண்டு நிற்கும். இவர் கேமராவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துத்தான் படம் எடுப்பார். இருபது வருஷமாக அப்படித் தூக்கிய வலது தோள், இந்த ஆவணி முகூர்த்தங்கள் முடிந்ததும் மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஃப்ரோசன் ஷோல்டர் என்று அவரே முடிவு கட்டி, தினமும் காலையில் மாடிப்படிக் கம்பியில் தொங்கினார். "இறுகிப்போச்சு, இழுத்துவிட்டா சரியாப் போயிரும்" என்பது அவர் வைத்தியம். தை மாதத்துக்கு ஏழு கல்யாணம் புக் ஆகியிருந்தது. தோள் சரியாகாவிட்டால் அந்த ஏழும் போய்விடும் என்று இரண்டு பேருக்குமே பயம்.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை கிளம்பினோம். திருநெல்வேலியில் நாலரை மணி பஸ், நாகர்கோவிலில் மாறி, ஒன்பது மணிக்குத் திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்ட். மொத்தம் நூற்றைம்பது கிலோமீட்டர் இருக்கும். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் மதியம் இரண்டு மணிக்கு. அதுவரை சும்மா உட்காருவானேன், பத்மநாபரைப் பார்த்துவிடலாம் என்று ஆட்டோ பிடித்தோம். "கேறிக்கோ அண்ணா, கோட்டைக்கு நாப்பது ரூபா" என்றார் டிரைவர். கோயில் அந்தக் கோட்டைக்குள்தான். பேரம் பேசாமல் ஏறினேன், எனக்கே ஆச்சரியம்.

கோயிலுக்குள் ஆண்களுக்கு வேட்டி மட்டும்தான், மேலுக்கு ஒன்றும் கூடாது. வேட்டியைக் கையோடு கொண்டுபோயிருந்தோம். சட்டையைக் கழற்றும்போது கவனித்தேன். இடது கையை முதலில் உருவிக்கொண்டு, வலது கையை அசைக்காமல் சட்டையை அதிலிருந்து உரித்தெடுத்தார். ரொம்ப நாள் பழகிய கை மாதிரி இருந்தது. இரண்டு மாதமாக ஏன் டி-ஷர்ட்டையே தொடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றேன். சன்னதிக்கு முன்னால் போனதும் எல்லோரும் கையைத் தலைக்கு மேலே குவித்தார்கள். இவரும் தூக்கினார். இடது கை சுலபமாகப் போய்விட்டது. வலது பக்கம் தோள்பட்டை காது வரை எகிறியது, கை மட்டும் மார்பைத் தாண்டவில்லை. கடைசியில் இடது கை கீழே இறங்கி வந்து அதோடு சேர்ந்துகொண்டது. பெருமாளைப் பார்த்தேனா என்று கேட்டால் தெரியாது. அந்த முதுகைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது, அதுதான் நிஜம்.

டாக்டர் ஒரு தமிழ் அம்மா, கோயிலுக்குப் பக்கத்திலேயே ஸ்ரீவராகத்து அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்தவர். நம்மவர் உள்ளே போனதும், "லேசாத்தான் வலிக்கு, ஒரு ஊசி போட்டா போதும்" என்றார். நான் விடவில்லை. கோயிலில் பார்த்ததையும், கம்பியில் தொங்குவதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். இவர் என்னை ஒரு முறை முறைத்தார்.

டாக்டர் அவர் கையைப் பிடித்து மெதுவாக மேலே கொண்டுபோனார். கை முழுக்கப் போனது. "பாத்தேளா, நான் தூக்கினா போறது. நீங்களா தூக்கினாத்தான் வலிக்கறது. இறுகிப்போன தோள்னா நான் தூக்கினாலும் போகாது, கேட்டேளா?"

ஸ்கேனில் கிழிசல் இல்லை, தசைநாண் வீக்கம்தான். தோளுக்கு மேலே கூரை மாதிரி ஒரு எலும்பு இருக்கிறதாம். கையை உயர்த்தும்போதெல்லாம் தசைநாண் அதன் அடியில் நெரிபடுகிறது. தொங்கியது வீக்கத்தை அதிகமாக்கியிருக்கிறது. ஆபரேஷன் வேண்டாம், இப்போதைக்கு ஊசியும் வேண்டாம். கொஞ்ச நாள் மாத்திரை, ஐஸ் ஒத்தடம், பிறகு ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சி. குணமாக மூன்று மாதம் ஆகலாம், அதுவரை கை தோளுக்கு மேலே போகக்கூடாது.

"அப்ப என் தொழிலு?" என்றார் இவர்.

"கேமரா நெஞ்சுக்கு நேரா இருக்கட்டும். நீங்க ஒரு ஸ்டூல்ல ஏறி நின்னுக்கோங்கோ."

"மண்டபத்துல சிரிப்பாவளே."

"சிரிக்கட்டுமே. ஃபோட்டோ நன்னா விழுமோல்லியோ?"

இதே காரியமாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கோயில் நடை நடுநடுவே சாத்துவார்கள், நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். தோள்வலிக்காரருக்கு முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டைதான் சௌகரியம். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கவிடாமல் உட்கார இடம் பிடித்துக் கொடுங்கள். வலிக்கு நீங்களாகப் பெயர் வைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். கூடவே போங்கள், ஆண்கள் பாதிதான் சொல்வார்கள்.

தை பிறந்தது. நாலு கல்யாணம் ஸ்டூலில் நின்றே முடித்தார், சிரித்தவர்கள் ஆல்பம் வந்ததும் சும்மாயிருந்தார்கள். முந்தாநாள் ஐந்தாவது. வீட்டுக்கு வந்தவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேமராப் பையை வைத்துவிட்டு அவராகவே சொன்னார்: "ஏட்டி, இன்னிக்கு கொஞ்சம் வலிக்கு."

பதினெட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் வலிக்கிறது என்று என்னிடம் அவர் தானாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. நான் ஐஸ் எடுக்கப் போனேன்.