வெயில் படாத அலமாரி

லாரி டிப்போவில் டயர் மாற்றுகிறவருக்கு ‘ரப்பர் டாக்டர்’ என்று பெயர் வந்து நாலு வருஷம் ஆகிறது. எச்.ஐ.வி. வராமல் காத்துக்கொள்வது பற்றி மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லத் தொழிலாளர்களிலேயே ஒருவர் வேண்டும் என்று நிர்வாகம் கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இவர் கை தூக்கினார். முதல் கூட்டத்தில் ஜாக்கிக் கைப்பிடியில் ஆணுறையை மாட்டிக் காட்டினார்.

“டாக்டரே, இதுக்கு எவ்வளவு காத்து அடிக்கணும்?”

“உன் வாய்க்கு அடிச்சதுல பாதி போதும்.”

சிரித்தவர்கள் பிறகு ஒவ்வொருவராக டயர் அறைக்கு வந்தார்கள். அங்கே பேசியது எதுவும் கதவைத் தாண்டியதில்லை. அவர் மனைவிக்கு மட்டும் அந்தப் பெயர் பிடிக்கவில்லை. தெருவில் தலைகாட்ட முடியவில்லை என்பாள்.

ஒருநாள் காலை அவளுடைய தம்பி வந்து நின்றான். அதே டிப்போவில் டிரைவர்.

“மாமா, கிழிஞ்சிடுச்சு.”

“எப்போ?”

“முந்தாநாள். நீங்க சொன்னபடி வண்டியிலதான் வச்சிருந்தேன். டேஷ்போர்டுல, ஆறு மாசமா.”

இன்ஜின் சூடு, கண்ணாடி வழியே வெயில். வெயிலில் கிடந்த ட்யூபைத் தொட்டுப் பார்த்தே தூக்கி எறிகிறவர் அவர். ‘எப்பவும் வண்டியில வச்சுக்கங்க’ என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னதும் அவரேதான்.

“கிளம்பு. கிருமி தொத்தாம இருக்க மூணு நாளுக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சாகணும்.”

“அக்காவுக்குத் தெரிஞ்சா...”

“என் வாயிலேருந்து வராது. நட.”

ஆஸ்பத்திரியில் அவன் முதல் மாத்திரையை விழுங்குவதைப் பார்த்த பிறகுதான் அவர் பெஞ்சை விட்டு எழுந்தார்.

மறுநாள் கூட்டத்தில் இரண்டு ட்யூப் கொண்டுவந்தார். அலமாரியில் இருந்தது இழுத்தால் நீண்டது. வெயிலில் கிடந்தது வெடித்தது.

“தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். டயர்காரன், எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.”

யாரும் சிரிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் டேஷ்போர்டுகளிலிருந்து ஒரு வாளி நிறையப் பாக்கெட் வந்து சேர்ந்தது. புதியவை டயர் அறையின் வெயில் படாத அலமாரிக்குப் போயின. கிளம்பும்போது அந்தப் பயணத்துக்கு வேண்டியதை மட்டும் துணிப்பையில் எடுத்துப்போக வேண்டும்.

மாத்திரை இருபத்தெட்டு நாளைக்கு. தினமும் போட்டதும் மச்சினனிடமிருந்து ஒரு மிஸ்டு கால் வரும்.

“என் தம்பிக்கும் உங்களுக்கும் அப்படி என்ன ரகசியம்?” என்றாள் மனைவி.

“டயர்ல காத்து சரியா இருக்குன்னு சொல்றான்.”

மூன்று மாதம் கழித்துச் செய்த பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. அடுத்த கூட்டத்தில் மச்சினன் தானாகவே எழுந்தான். “மாமா அன்னைக்கு ட்யூபை இழுத்துக் காட்டினது, என்னோடது கிழிஞ்சதாலதான். மாமா இல்லேன்னா நான் ஆஸ்பத்திரிப் பக்கமே போயிருக்க மாட்டேன்” என்றான். கூட்டம் முடிந்ததும் நேராக அக்காவிடம் போய்ச் சொன்னான்.

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். “மூணு மாசம் ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு மூச்சு விடலியே மனுஷன்!”

மறுவாரம் தண்ணீர் கேன் போடுகிறவர் போனில் வீட்டுக்கு அடையாளம் கேட்டார்.

“தெருமுனையில யாரை வேணா கேளுங்க,” என்றாள் அவள், சத்தமாகவே. “ரப்பர் டாக்டர் வீடுன்னு.”