செவ்வாய், வெள்ளி: பத்து டிகிரி

சுரங்கத்தின் ஓரத்தில், பம்ப் ஹவுசுக்கு அப்பால், வெள்ளை அடித்த மரப்பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் இரண்டு வெப்பமானிகள். ஒன்று முந்தைய பகலின் உச்ச வெப்பத்தையும் மற்றது இரவின் குறைந்த வெப்பத்தையும் பிடித்து வைத்திருக்கும். தினமும் காலையில் இரண்டையும் பார்த்து நோட்டில் எழுதி, வெப்பமானிகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என் வேலை. ஞாயிறு மட்டும் மாற்று ஆள் பார்ப்பார்.

இந்த வருஷம் சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி என்னைத் தேடி வந்தாள். நெய்வேலி வட்டாரத்தில் பகல் வெப்பத்துக்கும் இரவு வெப்பத்துக்கும் உள்ள இடைவெளி சுருங்கி வருகிறதா என்று பார்க்கிறாள். நீண்ட காலப் பதிவு என்று அவளுக்குக் கிடைத்தவை என் நோட்டுகள்தான்.

"ஐயா, செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வித்தியாசம் சரியா பத்து டிகிரி வருதுங்க. வருஷக்கணக்கா. கோயிலுக்குப் போயிடுவீங்களா?"

"இல்லம்மா. அன்னிக்கு கேன்டீன்ல வெண்பொங்கல். பெட்டி வரைக்கும் நடந்துட்டு வந்தா தீர்ந்துடும். உட்கார்ந்த எடத்துலயே எழுதிடுவேன்."

"பொங்கலாவது நல்லா இருந்துச்சுங்களா?"

"மெளகு நெறைய போடுவாங்க."

அவள் சிரிக்கவில்லை. நோட்டுகளையே ஒதுக்கிவிடும்படி அவளுடைய பேராசிரியர் சொல்லியிருந்தாராம். எந்த நாட்கள் பொய் என்று நானே எழுதிக் கொடுத்தால் மீதியை ஏற்பார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் செவ்வாயன்று நான் போகாததால் புதன்கிழமை கிடைத்த அளவு இரண்டு நாட்களுக்கும் சேர்த்தது. சனிக்கிழமையும் அப்படியே. அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. அந்த நாட்களையும் நீக்கச் சொல்லிக் கடிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெட்கமாக இருந்தது. பாதிக்கு மேல் போய்விட்டதே, மிச்சத்தில் என்ன நிற்கும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

சில வாரம் கழித்துப் போன் செய்தாள்.

"மிச்சம் நின்னுடுச்சுங்க ஐயா. முன்னைக்கு இப்ப தெளிவாவே தெரியுது. ராத்திரி சூடு ஏறிக்கினே இருக்கு, இடைவெளி சுருங்குது."

காரணம் கேட்டேன். சுரங்கத்திலிருந்து இறைத்து வாய்க்காலில் விடும் தண்ணீர், பெருகிய கட்டடங்கள், மேகம் எனப் பலவும் இருக்கலாம். எது எவ்வளவு என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்றாள். இடைவெளி மாறவே இல்லை என்று அத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தது என் பத்து டிகிரி மட்டும்தான்.

மனைவியிடம் சொன்னபோது குரல் உயர்ந்துவிட்டது.

"அப்போ வாரத்துல ரெண்டு நாள்தான் உருப்படியா எழுதியிருக்கீங்க," என்றாள்.

"திங்களும் வியாழனும்," என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.