மாமி பிடித்த கூரை

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகிற வீதியில் எனக்கு ஒரு வாகன வயரிங் கடை இருக்கிறது. ஹோர்ன் அடிக்காத முச்சக்கரவண்டி, லைட் எரியாத லொறி என்று எது வந்தாலும் திருப்பி அனுப்பமாட்டேன். சில வண்டிகள் தாமாகத் திரும்பி வந்ததுண்டு. அது வேறு கதை. எங்கள் வீட்டில் சமைக்கிற குசினியில் மட்டும் எரியாத பல்பு ஒன்று தொங்குகிறது. மாமி, அதாவது மனைவியின் தாய், அதைப் பற்றிக் கதை தொடங்கினால் நான் கோழிக்குத் தீன் போடப் போய்விடுவேன்.

போன வருடம் கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் மனைவியின் தங்கைக்கு, என் மச்சாளுக்கு, கலியாணம் வந்தது. உப்புவெளியில் விடுதி நடத்துகிற ஒருவரிடம் கூரை மடிக்கிற பழைய சிவப்புக் கார் ஒன்று இருந்தது. கூரைக்குப் புதுத் துணி போட்டிருந்தார். கூரையை மடிக்கிற மோட்டரின் வயரையெல்லாம் எலி தின்றுவிட்டது. "வயரை மாத்தித் தாங்கோ, கலியாணத்துக்குக் கொண்டுபோங்கோ" என்றார். கார் எங்கள் முற்றத்துக்கு வந்தது. என் நிம்மதி படலையால் வெளியே போனது.

முதலில் மச்சாள் வந்தாள்.

"அத்தான், கோயிலில இருந்து மண்டபத்துக்குக் கூரையைத் திறந்துகொண்டுதான் போகவேணும். தலையில போடுற நெற் பறக்கவேணும். சின்னனில இருந்து அக்கா போட்ட சட்டையைத்தான் நான் போட்டனான். ஒரு நாளாவது ஊர் என்னைப் பாக்கட்டும்."

"ஓம்" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் மாமி தேத்தண்ணியோடு வந்தா. மாமி கையால் தேத்தண்ணி வந்தால் பின்னால் ஒரு வேலையும் வரும்.

"மருமகன், இந்தக் கூரை திறபடக் கூடாது. எல்லாரும் பாத்தா பிள்ளைக்கு நாவூறு பட்டிடும். சும்மா வயரைப் பூட்டிப்போட்டு, கடைசியில வேலை செய்யேல்லை எண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னா எல்லாரும் நம்புவினம்."

அந்தக் கடைசி வசனம் புகழ்ச்சியா என்று இன்றுவரை விளங்கவில்லை. அதற்கும் "ஓம்" என்றேன். மாமியிடம் "இல்லை" சொன்ன ஒரே ஆம்பிளை மாமாதான். அவர் இப்போது விறாந்தையில் படமாகத் தொங்குகிறார்.

உள்ளுக்குள் நான் மச்சாள் பக்கம். அன்றைக்குக் கூரை தானாக மனம் மாறிவிட்டது என்று மாமிக்குச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். மூடியிருந்த கூரையின் சட்டத்தோடு வயரை இழுத்துப் பிடித்து, கட்டி, டேப் சுற்றினேன். ஒரு இடத்தில்கூடத் தொய்வில்லை. மாமியே குனிந்து பார்த்து, "குசினி பல்புக்கும் இப்பிடி ஒருக்கா மினக்கெட்டா என்ன?" என்றா.

வேலை முடிந்தால் ஒருதரம் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். ஆனால் மாமி முற்றத்தில் கதிரை போட்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. திறக்கவே திறக்காத கூரையை அவவுக்கு முன்னால் எப்படித் திறக்கிறது? சுவிட்சை ஒரு தட்டுத் தட்டினேன். மோட்டர் 'ம்ம்' என்றது. சத்தத்தை மறைக்க நான் இருமினேன். அதோடு எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துவிட்டேன்.

கலியாணத்தன்று நான்தான் சாரதி. பொம்பிளையும் மாப்பிள்ளையும் பின்னால். காவலுக்கு மாமி என் பக்கத்தில். கோயில் வாசலில் சனம் கூடி நின்றது. பின்னாலிருந்து மச்சாள் மெல்லச் செருமினாள். கூரையின் முன்பூட்டை நான் முதலே கழற்றி வைத்திருந்தேன். சுவிட்சை அழுத்தினேன்.

கூரை எழும்பியது. சனம் "ஓ!" என்றது. மாமி என்னைத் திரும்பிப் பார்த்தா. பாதி வழியில் 'டப்' என்று ஒரு சத்தம். கூரை நட்டுக்கொண்டு நின்றுவிட்டது. இறுக்கமான களிசான் போட்டுக்கொண்டு குந்தினால் என்ன நடக்குமோ, அதுதான் என் வயருக்கும் நடந்திருந்தது. மடிகிறதுக்கு நீளம் காணாமல் அறுந்துபோனது.

மூடவும் ஏலாது, திறக்கவும் ஏலாது. பின்னால் வாகனங்கள் ஹோர்ன் அடித்தன. மெல்ல ஓட்டினேன். கடற்கரைப் பக்கம் திரும்பியதும் கச்சான் கூரைக்குள் புகுந்தது. இறக்கக்கண்டிக் கடலில் பாய் கட்டின தோணி மாதிரிக் கார் ஆடியது.

"ஐயோ, புதுத் துணி கிழியப்போகுது!" என்று மாமி சீலையைச் செருகிக்கொண்டு எழும்பி நின்று, இரண்டு கையாலும் கூரையைப் பிடித்தா. வீதி முழுக்க மாமியைத்தான் பார்த்தது. சந்தியில் பழம் விற்கிற கிண்ணியாக்காரர், "அக்கா, பாயை இறக்காதையுங்கோ, கரை கிட்டத்தான்!" என்று கத்தினார். எங்கள் ஊரில் மாடுகளைப் போல வீதியோரம் படுத்திருக்கிற மான்கள்கூட அசைபோடுவதை நிறுத்தின. கண்ணாடியில் மச்சாளைப் பார்த்தேன். கூரைத் துணிக்குள் ஒடுங்கி, முகம் வாடி, அழுகைக்குத் தயாராக இருந்தாள்.

அப்போது மாமியின் கை சோர்ந்தது.

"பிள்ளை, என்ன பாத்துக்கொண்டிருக்கிறாய்? எழும்பி ஒரு கை பிடி!"

மச்சாள் சீற்றில் ஏறி நின்றாள். கச்சான் அவளுடைய நெற்றைத் தூக்கி வீதிக்கு மேலே விரித்தது. கடைகளுக்குள் இருந்தவர்களும் வெளியே வந்தார்கள். அவள் ஒரு கையால் கூரையைப் பிடித்து, மற்றக் கையைத் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் ஆட்டினாள். மண்டபம் வந்த பிறகும் இறங்க மனமில்லாமல் நின்றாள்.

இரவு செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து மாமி மச்சாளுக்குச் சுற்றினா. மச்சாள் அதைப் பறித்து மாமிக்குச் சுற்றினாள். "ஊர்க் கண் பாதி உங்களிலதான் அம்மா!"

காரைத் திருப்பிக் கொடுக்கிற நாள், தொய்வு விட்டுப் புது வயர் போட்டேன். மாமி கேளாமலே வந்து முன்சீற்றில் ஏறினா. சுவிட்சை அழுத்தினேன். கூரை சத்தமில்லாமல் முழுக்க மடிந்தது.

"பிடிக்கத் தேவையில்லையோ?"

"இல்லை மாமி."

"ம்" என்று கைகளை மடியில் வைத்துக்கொண்டா. கொஞ்ச தூரம் போனதும், "போன முறை செய்த வேலைதான் நல்லம்" என்றா.