தொப்பூர் இறக்கத்தில் ஒரு கல்

காலை பத்து மணிக்குக் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு தொப்பூர் கணவாயில் லாரி இறக்குகிற ஆள் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இடம், கனடாவில் சஸ்காட்சுவான் மாகாணத்தில் என் மகள் வீட்டு பேஸ்மென்ட், பாதி மண்ணுக்குள் இருக்கிற அடித்தள அறை. ஜன்னலுக்கு வெளியே இடுப்பளவு பனி கிடக்கிறது. எதிரே சுவர் அகலத்துக்கு ஒரு டிவி, மேசை விளிம்பில் திருகி வைத்த ஸ்டீயரிங், காலடியில் மூன்று பெடல். திரையில் தர்மபுரி வெயில் கண்ணைக் கூசுகிறது. என் மனைவி சகாயமேரி துணி துவைக்கிற மிஷினுக்குப் போகிற வழியில் பின்னால் நின்று பார்ப்பாள். "நாப்பது வருசம் ஓட்டினது பத்தலையாக்கும், இங்கயும் வந்து லாரியா" என்பாள். பத்தலை என்பதுதான் என் பதில்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கடத்தூர் பக்கம் எங்கள் ஊர். படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. பதினாலு வயதில் கிளீனராக ஏறினேன். லைசென்ஸ் வருவதற்கு முன்னாலேயே ஓட்டினேன், அதை மறைக்கிற ஆள் நானில்லை. பம்பாய், நாக்பூர், இந்தூர், கல்கத்தா என்று என் டயர் படாத ரோடு கிடையாது. பிறகு மூன்று லாரிக்குச் சொந்தக்காரன் ஆனேன். மகள் ரோஸ்லினை நர்சுக்குப் படிக்கவைத்தேன். அவள் இங்கே வந்து, எங்களையும் கூப்பிட்டுக்கொண்டாள். பிள்ளை தயவில் வெளிநாடு பார்க்கிறான் என்று ஊரில் சிலர் பேசுவது காதுக்கு வருகிறது. அந்தப் பிள்ளையைப் படிக்கவைத்த லாரியின் தயவில் வந்திருக்கிறேன். அந்த லாரியை ஓட்டியதும் நான்தான்.

இங்கிலீஷ் போர்டை நான் ஒருநாளும் படித்ததில்லை. நிறத்தைப் பார்ப்பேன், அம்பைப் பார்ப்பேன், எழுத்து எத்தனை நீளம் என்று பார்ப்பேன். இந்தியில் எழுதியிருந்தால் கொடியில் காயப்போட்ட துணி மாதிரி தொங்கும், எந்தத் துணி எந்த ஊர் என்று தெரியும். நாற்பது வருசத்தில் வழி தப்பியது ஒரே ஒருதரம். அதுவும் ரோட்டை மாற்றிப் போட்டவன் தப்பு.

பக்கத்து வீட்டுக்காரர் பேர் க்ளென். என் வயசுதான். இந்த மாகாணத்து நெடுஞ்சாலைகளில் போர்டு நடுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் நடுகிறார், கம்ப்யூட்டருக்குள். லாரி ஓட்டுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதற்குப் புதுப் புது ரோடு செய்து சும்மாவே கொடுக்கிற ஆட்கள் பல நாட்டில் இருக்கிறார்களாம். அந்தக் கூட்டத்தில் போர்டு என்றால் க்ளெனைத்தான் கேட்பார்களாம். நான் பழைய டிரைவர் என்று ரோஸ்லின் சொன்னதும், வீட்டுக்குக் கூப்பிட்டு ஸ்டீயரிங் முன்னால் உட்கார வைத்தார். இந்த ஊர் ரோடு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி கோதுமைக் காட்டுக்கு நடுவே போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. அரைமணி நேரம் ஓட்டினேன், ஸ்டீயரிங்கைத் திருப்புகிற வேலையே வரவில்லை. "திஸ் இஸ் நாட் டிரைவிங் சார். திஸ் இஸ் சிட்டிங்" என்றேன். சிரிப்பார் என்று பார்த்தால், மனிதர் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் ரோட்டைக் காட்டுங்கள் என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மேலேயிருந்து எடுத்த படம், ரோட்டிலிருந்து எடுத்த படம், ஊரிலிருந்து நான் வரவழைத்துக் கொடுத்த படம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு போன பனிக்காலம் பூராவும் தர்மபுரியிலிருந்து தொப்பூர் இறக்கம் வரை ரோடு போட்டார். அவர் வேலையைக் குறை சொல்ல முடியாது. மஞ்சள் தலை வைத்த கிலோமீட்டர் கல். தலைக்கு மேலே பச்சைப் போர்டில் சேலம், நாமக்கல், மதுரை. சிவப்பு முக்கோணத்துக்குள் இறக்கத்தில் போகிற வண்டிப் படம். நியூட்ரலில் ஓட்டாதே என்கிற பலகை. இரும்புத் தடுப்பில் ஏதோ வண்டி உரசிப் போன பெயிண்ட். தினமும் ஒரு கேள்வி வைத்திருப்பார். போர்டின் கால் உருண்டைக் குழாயா, மடிப்பு வைத்த ஆங்கிள் இரும்பா. ஆணி துருப்பிடித்திருக்குமா. தமிழ் ஓர் எழுத்துத் தெரியாத மனிதர் தமிழ்ப் போர்டு எழுத, இங்கிலீஷ் படிக்கத் தெரியாத நான் சரிபார்த்து ஓகே சொல்ல, ஒரு குறை இல்லாமல் நடந்தது.

ரோடு முடிந்த அன்று ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது வளைவில் நிறுத்திவிட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் இது தொப்பூர் இல்லை என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. என்ன குறைகிறது என்று கேட்டார். "பிரான்ச். ஸ்டோன். ஆன் த ரோட்" என்றேன். அடுத்த நாள் ஆவலாகக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், புயலில் சாய்ந்த மாதிரி ஒரு முழு மரம் ரோட்டில் கிடக்கிறது. அதைச் சுற்றி ஆறு ஆரஞ்சுக் கூம்பு. மஞ்சள் சட்டை போட்ட ஆள் ஒருத்தன் கொடி ஆட்டுகிறான். தொப்பூரில் அப்படி ஒரு மரம் விழுந்தால் அரைமணியில் விறகாகி வீடு போய்ச் சேர்ந்துவிடும் என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. ரோஸ்லின் சொல்லட்டும் என்று அவரை எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். லோடு வண்டி நடுரோட்டில் நின்றுபோனால் முதல் காரியம் சக்கரத்துக்கு முட்டுக்கல். அடுத்தது, கொடுவாளை எடுத்துப் போய் ஓரத்துப் புங்கனிலோ வேம்பிலோ நாலு கிளை வெட்டி, வண்டிக்குப் பின்னால் ரோட்டில் தள்ளித் தள்ளிப் போட்டு, காற்றில் போகாமல் மேலே கல் வைப்பது. பின்பக்கம் ஒரு கொத்தைச் சொருகிவிடுவது. தமிழனோ கன்னடக்காரனோ பஞ்சாபியோ, எந்த டிரைவருக்கும் அது புரியும். இலை பச்சையாக இருந்தால் இப்போது நின்ற வண்டி, பக்கத்தில் ஆள் இருப்பான். வாடியிருந்தால் காலையிலேயே நின்றது, டிரைவர் சாமான் வாங்கப் போயிருப்பான். எந்த நாட்டுப் போர்டு இப்படி நேரம் சொல்லும்? க்ளெனின் பிக்கப் வண்டியில் ஒரு சிவப்புப் பெட்டி இருக்கிறது. அதற்குள் மடக்கு முக்கோணம், வாங்கியபோது சுற்றிய பிளாஸ்டிக்கூடப் பிரிக்காமல். இங்கே எச்சரிக்கை பெட்டிக்குள் தூங்குகிறது. எங்களுக்கு அது மரத்தில் காய்த்துத் தொங்கியது.

ரோஸ்லின் இதைச் சொல்ல மாட்டேன் என்று நின்றாள்.

"அப்பா, எத்தனையோ நாட்டுக்காரங்க இத ஓட்டுவாங்க. நம்ம ஊர்ல ஒரு முக்கோணம் வாங்கக்கூட வக்கில்லன்னு நெனப்பாங்க. நாலு வழிச் சாலை இருக்கு, பச்சைப் போர்டு இருக்கு. அது போதாதா?"

"இருந்தத இருந்த மாதிரி வெக்கச் சொல்றேன். இல்லாதத இருக்குதுன்னு காட்ட நான் என்ன கல்யாண புரோக்கரா?"

"நம்ம சர்ச்சு ஆளுங்க பசங்க பாத்தா சிரிப்பாங்கப்பா."

"சிரிக்கட்டும். அவனுங்க அப்பன் எவனாவது லாரி ஓட்டிப் பிள்ளையப் படிக்க வெச்சானான்னு கேளு."

கடைசியில் சொன்னாள். க்ளென் சிரிக்கவில்லை. கிளை எவ்வளவு நீளம், எத்தனை அடிக்கு ஒன்று என்று எழுதிக்கொண்டார். சகாயமேரியும் துணிக்கூடையோடு வந்து நின்றிருந்தாள், இதெல்லாம் நடந்தது எங்கள் பேஸ்மென்டில்தான். எழுதி முடித்துவிட்டு க்ளென் ஒரு கேள்வி கேட்டார்.

"வண்டி சரியாகிக் கெளம்பிப் போனப்பறம் கல்ல யார் எடுப்பாங்கன்னு கேக்கறாருப்பா" என்றாள் ரோஸ்லின். அவர் வேலையில் ஒரு போர்டு நட்டால், அதை யார் எப்போது பிடுங்க வேண்டும் என்பதற்கும் காகிதம் இருக்குமாம்.

"நாங்களேதான் எடுப்போம்" என்றேன்.

"ஆல்வேஸ்?"

"ஆல்வேஸ்" என்று சத்தமாகவே சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். என் வாய் என்னை விடாது. அடுத்தவன் விட்டுப்போன கல்லைக்கூட நிறுத்தி இறங்கி எடுத்துப் போட்டவன் நான், அந்த இறக்கத்தில் என்னளவுக்குக் கல் பொறுக்கியவன் எவனும் இல்லை, போய்க் கேட்டுப் பாருங்கள் என்றேன்.

சகாயமேரி கூடையை இறக்கி வைத்தாள். "அது நெசந்தான். எந்தங்கச்சி கல்யாணத்துக்குப் போறப்ப, பட்டுச்சீலையோட என்னக் கேபின்ல குந்த வெச்சிட்டு, வெயில்ல எறங்கி கல்லு பொறுக்கினாரு. தாலி கட்டி முடிஞ்சப்பறந்தான் போய்ச் சேந்தோம். இந்தக் கிறுக்கு எந்த டிரைவருக்கும் கெடையாது."

ரோஸ்லின் சிரித்துக்கொண்டே அதையும் சொன்னாள். க்ளென் என்னைப் பார்த்து "ஒய்?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

என் கதைகள் எல்லாவற்றையும் என் வீட்டில் நூறு தடவை கேட்டிருக்கிறார்கள். கேட்காதது இது ஒன்றுதான்.

எனக்குச் சொந்த வண்டி வராத காலம். பாலக்கோட்டில் தக்காளி ஏற்றிக்கொண்டு இறங்குகிறோம். இரண்டாவது வளைவு தாண்டினதும் பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை முறிந்து வண்டி உட்கார்ந்துவிட்டது. கிளீனர் முனியப்பன் என்னைவிட மூத்தவர். முட்டு கொடுத்தார், கிளை வெட்டிப் போட்டார், கல் வைத்தார். கீழேயிருந்து மெக்கானிக் வந்து பட்டை மாற்றி முடிக்க மதியம் மூன்று மணி. அதற்குள் தக்காளிச் சாறு பலகை வழியாக ரோட்டில் ஒழுகுகிறது. நான் ஸ்டார்ட் செய்துவிட்டேன். "டிரைவரே, கல்லு கெடக்குது" என்றார் முனியப்பன். "கெடக்கட்டும், ஏறு. தக்காளி அழுவுது" என்றேன். கிளையை மட்டும் காலால் தள்ளிவிட்டு ஏறிக்கொண்டார். கிளையும் போய்விட்டதால் அங்கே கல் கிடப்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை.

மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது அடிவாரத்து டீக்கடையில் நிறுத்தினோம். ஓரத்தில் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி, ஹேண்டில் திரும்பிப்போய், நசுங்கின பால்கேன் கட்டினபடி சாத்தி வைத்திருந்தது. டீ ஆற்றிக்கொண்டே கடைக்காரர் சொன்னார். "பால் ஊத்தற மனுசன். எவனோ லாரிக்காரன் வளைவுல கல்ல உட்டுட்டுப் போய்ட்டான், அதுல ஏத்திட்டாரு. கால முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்களாம். நல்லா இருப்பானா அவன்."

நான் டீ குடித்தேன். இரண்டு வடையும் தின்றேன். முனியப்பன் டீயைத் தொடவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. அந்த மாதத்தோடு வேறு வண்டிக்குப் போய்விட்டார். நல்லா இருப்பானா என்று டீக்கடைக்காரர் கேட்டாரே, நன்றாகத்தான் இருந்தேன். மூன்று லாரி வாங்கினேன். பால்காரர் பேரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இதைச் சொல்லச் சொல்ல ரோஸ்லின் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு வந்தாள். வடையிடம் வந்ததும் அவள் குரல் நின்றது. நான் காத்திருந்தேன். பிறகு அதையும் சொன்னாள். சகாயமேரி கூடையிலிருந்த ஒரு துண்டை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். க்ளென் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அதனால்தான் அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும். பென்சிலை எடுத்து மூன்று கேள்வி கேட்டார். எந்த வளைவு, இடது தடமா வலது தடமா, கல் எவ்வளவு பெரிது. கையை அகட்டிக் காட்டினேன். டேப் வைத்து என் கைக்கு நடுவே அளந்தார்.

வளைவுக்கு முன்னால் ஒரு எச்சரிக்கைப் பலகை வைக்கட்டுமா என்று கேட்டார். "நோ சைன்" என்றேன்.

ரோடு இப்போது பலபேர் ஓட்டும்படி வெளியே போய்விட்டது. கிளை இருக்கிறது, முட்டுக்கல் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி, வண்டியே இல்லாத இடத்தில், ஒற்றைக் கல்லும் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் நம் ஆள் ஒருவர் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க பெரியவரே, நம்ம மானத்த இப்படிக் கப்பலேத்தணுமா?" என்றார். உங்கள் மானம் பச்சைப் போர்டில் இருந்தால் நீங்கள் போர்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டுங்கள், நான் கல்லைப் பார்த்து ஓட்டுகிறேன் என்றேன். நாங்கள் கிளை வெட்டிப் போட்டுப் பத்திரமாக வீடு போகவிட்ட ஆட்கள் ஆயிரம் ஆயிரம். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. என் வெட்கம் ஒரே ஒரு கல். அதையும் நானே நடுரோட்டில் வைத்துவிட்டேன், போதுமா என்றேன்.

இந்த விளையாட்டில் எல்லாம் உண்டு. மழை பெய்தால் வைப்பர் போடலாம். டீசல் பிடிக்கலாம். கண்ணாடியை இறக்கினால் காற்றுச் சத்தம்கூடக் கேட்கும். ஒன்று மட்டும் முடியாது. டிரைவர் கேபினை விட்டு இறங்க முடியாது. எந்தப் பட்டனும் இல்லை, க்ளெனிடமும் கேட்டுவிட்டேன்.

அதனால் தினமும் பத்து மணிக்கு இரண்டாவது வளைவைத் தாண்டி இடது தடத்தில் கல்லுக்குப் பத்தடி பின்னால் என் வண்டியை நிறுத்துகிறேன். இரண்டு பக்க இண்டிகேட்டரையும் போட்டுவிடுகிறேன். பின்னால் லாரிகள் வரிசையாக வந்து நின்று ஹாரன் அடிக்கின்றன. அடிக்கட்டும். மேலே க்ளெனின் மிஷின் பனி தள்ளுகிற சத்தம் கேட்கிறது. சகாயமேரி இப்போதெல்லாம் லாரியா என்று கேட்பதில்லை. டீயைக் கொண்டுவந்து ஸ்டீயரிங் பக்கத்தில் வைத்துவிட்டு, திரையில் கல்லை ஒரு நிமிசம் பார்த்துவிட்டுப் போகிறாள். நான் கம்பளிக் காலுறைக் காலைப் பிரேக்கிலிருந்து எடுப்பதில்லை. என்னால் இறங்க முடியாது. சரி. என் வண்டி இங்கே நிற்கிற வரைக்கும் எவனும் அந்தக் கல்லில் ஏற மாட்டான்.