சுடலை முன்னால் கவிழ்த்த குவளை

வக்கீல் சங்கரலிங்கம் பிள்ளை காலமாகிவிட்டார் என்று துட்டி சொல்ல ஆள் வந்தபோது, நான் கோர்ட்டுக்குக் கிளம்பித் தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தேன். ஆயுசுக்கும் அவருக்கு எதிர்த்தரப்பில் நின்றவன் நான். இனி யாரோடு சண்டை போடுவது என்றுதான் முதலில் தோன்றியது.

கோர்ட்டில் அவரை அறிந்தவர்களுக்கு மாடசாமி வழக்கு மறந்திருக்காது. கங்கைகொண்டான் பக்கத்து ஊர் ஒன்றில் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா. மீசை அரும்பிய பையனுக்கு நடுச்சாமப் பூசையில் படையல் சாராயத்தைக் குவளையில் ஊற்றிக் கொடுத்து, கையில் அரிவாளும் கொடுப்பார்கள். அன்றோடு அவன் ஆம்பிளை. மாடசாமிக்குப் பதினாறு வயது. தீப்பந்தத்தை யார் பிடிப்பது என்ற சண்டையில் கூடவே திரிந்த சேக்காளியையே வெட்டிக் கொன்றுவிட்டான்.

"நாங்கள்தான் ஊற்றிக் கொடுத்தோம்" என்று ஊரில் ஒரு பெரியவர் சொன்னால் போதும், தண்டனை குறையும் என்று அவனுக்காக வாதாடிய பிள்ளை நம்பினார். சாட்சிக்கு வந்தவர்கள் எல்லோரும் திருநீறு மணக்க நின்று, ஒன்றும் தெரியாது என்றார்கள். வெளியே அந்த ஊர் நாட்டாமை சீறினார்.

"படையலக் கோர்ட்ல இழுத்து, மாடனால கொல விழுந்துதுன்னு சொல்லச் சொல்லுதீரா வே? எங்க குடும்பம் வெளங்குமா?"

"மாடன் ஊத்தலவே, நீரு ஊத்துனீரு. அந்தப் பய கேட்டானா?" என்றார் பிள்ளை.

சர்க்கார் தரப்பில் நான் ஜெயித்தேன். பையனைத் தீவாந்தரத்துக்குக் கப்பலேற்றினார்கள். அங்கேயே காய்ச்சலில் செத்தான்.

மறு வருஷக் கொடைக்குப் பிள்ளை தனியாகப் போனார். முதல் பையனின் கையிலிருந்த குவளையைப் பிடுங்கி, சாமி முன்னாலேயே கவிழ்த்துவிட்டார். ஊரார் அவரை அடித்து மணிக்கட்டை ஒடித்துவிட்டார்கள். கேஸ் போடுவோம் என்றேன். "சாட்சிக்கு அதே ஊருக்குத்தான போகணும்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடித்தவர்கள் குவளையை மறுபடி நிரப்பி அந்தப் பையனைக் குடிக்க வைத்த பிறகுதான் அவரை வண்டியில் ஏற்றினார்களாம்.

துட்டி வீட்டுக்கு நாட்டாமையும் வந்திருந்தார். "நல்ல மனுசன் வே. கோவந்தான் சாஸ்தி" என்றார்.

என் சொந்த ஊரிலும் சுடலை உண்டு, குவளையும் உண்டு. ஊற்றிக் கொடுப்பவர் என் கூடப்பிறந்த அண்ணாச்சி. என் மகனுக்கு இந்த வருஷம் மீசை அரும்பியிருக்கிறது. பிள்ளையிடமிருந்து நான் வைத்துக்கொண்டது "அந்தப் பய கேட்டானா?" என்ற அந்த ஒரு கேள்விதான். கொடை அன்று அதை அண்ணாச்சியிடம் மாடன் முன்னால் நின்று கேட்கப்போகிறேன். கை ஒடிந்தால் ஒடியட்டும்.