பம்ப் ஹவுஸின் வாரிசு

அப்பா பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். எங்கள் ஊர் நகராட்சியில் பம்ப் ஆபரேட்டர் அவர். பாலாற்றங்கரை பம்ப் ஹவுஸில் மோட்டார் போட்டு ஊருக்குத் தண்ணீர் ஏற்றிவிடுகிற வேலை. தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் அம்மாவின் கையைப் பிடித்து அழுதார்கள். அழுத கையோடு, "பையனுக்கு வாரிசு வேலை வந்துடும், கவலைப்படாத" என்றார்கள். அரசாங்க வேலையில் இருப்பவர் இறந்தால் பிள்ளைக்கு ஒரு வேலை கிடைப்பது அப்போதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அம்மா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

தம்பி பேரில் மனு கொடுத்தோம். அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான் அம்மாவின் காதில் ஓதிவிட்டான். வீட்டில் வேறு வருமானம் இருக்கக் கூடாதாம். பையன் பேர் ஏதாவது கம்பெனியில் ஏறிவிட்டால் வாரிசு வேலை அவ்வளவுதானாம். நான் கல்யாணமாகி அடுத்த தெருவுக்குப் போய்விட்டவள், அதனால் தப்பித்தேன்.

ஆம்பூர் ஷூ கம்பெனிகள் ஆள் கேட்டு அலைந்த காலம் அது. நான் ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைனில் இருந்தேன். எனக்கு பி.எஃப். பிடித்தார்கள், ஈ.எஸ்.ஐ. அட்டை கொடுத்தார்கள். தோல் வெட்டுகிற கட்டிங் வேலையில் தம்பி என்னைவிடக் கெட்டிக்காரன். தோலைத் தடவிப் பார்த்தே எங்கே தழும்பு, எங்கே மெலிவு என்று சொல்லிவிடுவான். எங்கள் சூப்பர்வைசர் அவனை அழைத்துவரச் சொல்லி என்னை நச்சரித்தார். அம்மா விட்டால்தானே?

"பி.எஃப். நம்பர் வுழுந்துச்சின்னா முனிசிபாலிட்டி வேலை பூடும்டா. கொஞ்ச நாள் பொறுத்துக்கோ."

அவனும் பொறுத்துக்கொண்டான். பேர் எழுதாத இடமாகப் பார்த்துப் போனான். மொட்டை மாடியில் ஷீட் போட்டு, பெரிய கம்பெனிகளிடமிருந்து ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் பட்டறைகள் அவை. ஆர்டர் ஜாஸ்தியானால் கூப்பிடுவார்கள், கம்மியானால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார்கள். பேர் எழுதாத ஆட்களைப் பிடிக்க லேபர் அதிகாரி யாராவது வந்தால் பின்பக்கப் படியில் இறங்கி ஓட வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படி ஓடுகிற நாட்களில்கூட, சர்க்கார் வேலை வரப்போகிறவன் என்ற மிதப்பு அவன் முகத்தில் கொஞ்சம் இருக்கும்.

அப்பாவோடு வேலை பார்த்த சங்கத்து மாமா ஒருவர் அவ்வப்போது வீட்டுக்கு வருவார். உலக வர்த்தக ஒப்பந்தத்தைப் பற்றி எங்கள் வீட்டில் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

"வெளிநாட்டுக்காரன் நம்ம ஷூவ வாங்கிக்கறான்மா. பதிலுக்கு உன் தண்ணி, கரண்ட்டு, ஆஸ்பத்திரி எல்லாத்தையும் தனியாருக்குத் தொறந்து வுடுன்றான். இனிமே ஆளே எடுக்க மாட்டாங்க. எல்லாம் டெண்டர்தான்."

அவர் சொன்னதில் எவ்வளவு சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த வாரம்தான் எங்கள் கம்பெனிக்குப் பெரிய வெளிநாட்டு ஆர்டர் வந்து எல்லோருக்கும் லட்டு கொடுத்திருந்தார்கள். அம்மா அந்த லட்டையே மாமாவுக்கு டீயோடு வைத்தாள். அவர் ஒரு வாய் கடித்துவிட்டு மீதியை அப்படியே வைத்துவிட்டார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் அவர் சொன்னது நடந்தது. நகராட்சியில் ஆள் எடுப்பது நின்றது. பம்ப் ஹவுஸ் காண்ட்ராக்டரிடம் போனது. அவருக்கு மோட்டாரைப் பற்றித் தெரிந்த ஆள் தேவைப்பட, சின்ன வயதில் அப்பாவோடு அங்கேயே கிடந்த தம்பியைக் கூப்பிட்டு தினக்கூலிக்கு வைத்துக்கொண்டார். அம்மா கேசரி கிண்டித் தெரு முழுக்கக் கொடுத்தாள்.

"இது காண்ட்ராக்ட்மா, கவர்மெண்ட் வேலை இல்ல" என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்.

"அதே ரூமு, அதே மோட்டாரு. அப்புறம் இன்னா?" என்றாள்.

சில வருடங்கள் கழித்து டெண்டர் வேறொருவருக்குக் கைமாறியது. புதிதாக வந்தவர் தன் ஆட்களோடு வந்தார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று தம்பியிடம் யாரும் சொல்லக்கூட இல்லை, பூட்டை மாற்றியிருந்தார்கள். அம்மா அவனை இழுத்துக்கொண்டு நகராட்சி ஆபீசுக்குப் போனாள், நானும் போனேன். அங்கிருந்த கிளார்க் நல்ல மனிதர், பொறுமையாகத் தேடினார்.

"இந்தப் பேர்ல இங்க யாருமே வேலை செய்யலையேம்மா" என்றார். வாரிசு மனுவைக் கேட்டோம். அதற்கும் வயது தாண்டிவிட்டதாம்.

மறுநாள் அவனை என் கம்பெனிக்கு அழைத்துப் போனேன். அம்மாவும் கூடவே வந்து கேட்டுக்கு வெளியில் நின்றாள். பழைய சூப்பர்வைசர் போய், படித்த பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். முன்னால் வேலை பார்த்த இடத்தின் பி.எஃப். நம்பர் கேட்டான். இல்லை என்றோம். "அப்ப எக்ஸ்பீரியன்ஸே இல்லையா?" என்று கேட்டுவிட்டு, இந்த வயதுக்குப் புதிதாக ஆள் எடுப்பதில்லை என்றான். தோலைத் தொட்டுக் காட்டவாவது விடச் சொல்லிக் கெஞ்சினேன். அவன் அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

வெளியில் வந்ததும் எனக்கு அம்மாவை நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல ஆத்திரம் பொங்கியது. அதற்குள் தம்பியே அவளிடம் போய் நின்றான். கோபமே இல்லாமல் கேட்டான்.

"இத்தனை வருஷமா நான் இன்னாதாம்மா பண்ணினு இருந்தேன்?"

அம்மா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

"வேலைக்குக் காத்துனு இருந்தப்பா" என்றாள்.