கஞ்சி சுட்ட மேலண்ணம்

நோன்பு திறந்த அவசரத்தில் கொதிக்கும் கஞ்சியை விழுங்கி மேலண்ணத்தைச் சுட்டுக்கொண்டேன். மறுநாள் நோன்பில் வாய்க்கு வேறு வேலை இல்லை. நாக்கு எரியும் இடத்தையே துழாவிக்கொண்டிருந்தது. முன்பல்லுக்குப் பின்னால் சின்ன மேடு ஒன்று தட்டுப்பட்டது. கட்டிதான் என்று பதறிப்போனேன்.

மனைவி தன் வாயில் நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு, “எனக்கும் இருக்குதே,” என்றாள். மகளும் அதையே சொன்னாள்.

“அப்போ மூணு பேருக்குமா கட்டி?” என்று எரிந்து விழுந்தேன்.

செஞ்சிக் கடைத்தெரு பல் டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அந்த மேடு எல்லாருக்கும் இருக்கறதுதான். நாக்க வச்சி நோண்டாதீங்க, சுட்ட புண்ணு தானா ஆறிடும்.”

அன்று மாலை கஞ்சியை ஊதி ஊதிக் குடித்தேன். பூண்டும் வெந்தயமும் தனித்தனியாக ருசித்தன. இத்தனை வருஷமும் நான் சூட்டைத்தான் குடித்திருக்கிறேன்.